தகரப் பூவுக்கு மேலே ஒரு கொக்கி

முதல் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றாள் மகள். "ஓட்டு வீட்டுல மேலருந்து தேளு விழும், எலிப்புழுக்க விழும். பச்சப்பிள்ளைய எங்க போடுறதும்மா?" என்று போனில் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வராத மகளை வைத்துக்கொண்டு போடியில் எந்த முகத்தோடு நடமாடுவது?

அந்த வீம்பில்தான் கூடத்துக்குத் தகர சீலிங் அடித்தோம். ஆள் வந்து குறுக்கே ரீப்பர் கட்டை அடித்து, பூ அச்சுப் போட்ட வெள்ளைத் தகடுகளை ஏற்றி, ஓடு, உத்திரம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுப் போனார். "கீழ நம்ம வீடு, மேல அரமன" என்று கிண்டல் செய்தார் என் வீட்டுக்காரர். படம் எடுத்து அனுப்பினேன். மகள் வந்துவிட்டாள்.

தேனி ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அழுகைதான். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் வாங்கிய கம்பித் தொட்டிலில் முதுகு பட்டாலே அலறினான். மடியில் மட்டும் தூங்கினான். தையல் போட்ட வயிற்றோடு மகள் உட்கார்ந்தே கிடந்தாள்; கண் உள்ளே போய்விட்டது.

ஒரு மத்தியானம், "என்னால முடியலம்மா. அவருக்குப் போனப் போடு. நான் போறேன்" என்றாள்.

"இரு ஆத்தா, சேலத்தொட்டி கட்டுறேன்" என்று பழைய நூல் சேலையோடு கூடத்துக்கு ஓடி அண்ணாந்தேன். எங்கு பார்த்தாலும் தகரப் பூ. அவளைத் தொட்டில் கட்டி ஆட்டிய கொக்கி உத்திரத்தோடு உள்ளே போயிருந்தது. நாள் பார்த்துத்தான் சேலைத்தொட்டில் கட்டுவது எங்கள் வழக்கம் என்பதால், அதுவரை அந்த நினைப்பே எங்களுக்கு வரவில்லை. பேரனுக்கென்று சீலிங் அடித்த புத்திசாலிகள்!

வீட்டுக்காரர் சீலிங்காரருக்குப் போன் போட்டார். "ஆளு குரங்கணிக்கு மேல எஸ்டேட்டுல கெடக்காராம். எறங்க ரெண்டு நாளாகும்."

ரெண்டு நாளா? தேங்காய் உரிக்கும் கடப்பாரையை எடுத்து மேசைமேல் ஏறினேன். "விழுந்து தொலைக்காத" என்று அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஒரே குத்து. தகடு கிழிந்தது, மேலே ஓடுதான் தெரிந்தது. இன்னொரு குத்து. அதுவும் ஓடு. கொக்கி இருந்த இடம்கூடத் தெரியாமல் இத்தனை வருஷம் என்ன குடித்தனம் நடத்தினேனோ. வாய்விட்டு அழுதேன்.

"வாசப்பக்கமா வாம்மா."

அலறும் பிள்ளையோடு மகள் நிலைப்படியில் நின்றாள். "நேரா சாமி படத்துக்கு எதுக்க. ஸ்கூல் போறவரைக்கும் அதுலதான ஆடுனேன்."

அவள் சொன்ன இடத்தில் குத்தினேன். தூசியும் எலிப்புழுக்கையுமாகத் தலையில் கொட்டியது. கையை விட்டுத் துழாவினேன். கொக்கி இருந்தது.

அவரைக் கொக்கியை இழுத்துப் பார்க்கச் சொல்லி, சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டேன். நாலு ஆட்டு. வீடு அடங்கியது.

மகள் தொட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்து, கிழிந்த சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குப் போனப் போடவா?" என்றேன்.

"தூசிய மட்டும் கூட்டும்மா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.