மெஷினுக்குத் தேயிலை காட்டிய கதை

பாதி புரிந்ததை முழுசாகப் புரிந்தவர்போல் நின்று நடத்துவதுதான் வாத்தியார் வேலை. கரும்பலகை முன்னால் நின்று அவதிப்பட்ட உங்களுக்கு இது தெரியும். எழுபதுகளில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில், 'மெஷின் எப்படிக் கற்கிறது' என்ற புதுப் பாடம் என் தலையில் விழுந்தது. கல்லூரியில் கம்ப்யூட்டரே கிடையாது. வருஷக் கடைசியில் மெஷின் கற்பதைச் செய்து காட்டாவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவேன் என்று பிரின்சிபால் வேறு சொல்லியிருந்தார்.

முதல் வகுப்பு

"விதியை நாம் சொல்லித் தருவதில்லை. உதாரணங்களைக் காட்டினால் போதும், விதியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "அப்ப பரீட்சையும் அதே எழுதட்டும் சார்."

கோயமுத்தூர் மில்லில்

தேவிகுளம் எஸ்டேட்டிலிருந்து படிக்க வந்த எஸ்தர்தான் தேயிலையைச் சொன்னாள். கொழுந்தா, முத்தல் இலையா என்று மெஷின் பிரிக்க வேண்டும். இலைக்கு ஒரு துளையிட்ட கார்டு: நீளம், அகலம், எடை, கூடவே சரியான விடை. கார்டுக் கட்டோடு கோயமுத்தூர் மில் ஒன்றின் கம்ப்யூட்டருக்குப் போனேன்.

ஆபரேட்டர் பழனிச்சாமி ஒரு கார்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விடையோடு காட்டினால்தான் கற்கும், பிறகு புது இலைக்கு அதுவே சொல்லும் என்று விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே குழம்பியது. "ஏனுங்க, பதில் உங்களுக்கே தெரியுதுங்க. அப்புறம் எதுக்குங்க இதப் போயிக் கேக்கறீங்க?"

பிரின்சிபால் முன்னால்

காட்டிய இலைகளில் ஒன்றைக்கூட மெஷின் தவறவிடவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் பிரின்சிபாலை அழைத்தேன். எஸ்தர் எஸ்டேட் மானேஜரிடம் தனியாக அனுமதி கேட்டு ஒரு பை கொழுந்து கொண்டுவந்தாள். அளந்து, மில்லில் மெஷின் கண்டுபிடித்த கணக்கை வகுப்புப் பலகையில் கையாலேயே போட்டோம். முத்தல். அடுத்ததும் முத்தல். பை முழுக்க முத்தல். பாடம் போச்சு என்று நினைத்தேன்.

எஸ்தர் ஒரு கொழுந்தைக் கையில் எடுத்தாள். வாடியிருந்தது. எஸ்டேட்டில் கொழுந்தைக் கேட்டைத் தாண்ட விடமாட்டார்கள். அதனால் முதல்முறை கொழுந்தை அங்கேயே பச்சையாக அளந்திருந்தாள். கழித்துப்போட்ட முத்தல் மட்டும் உடுமலை, பொள்ளாச்சி, கோவிந்தாபுரம் என்று பஸ்ஸில் வாடி வந்து கல்லூரியில் அளக்கப்பட்டது. நீள அகலத்துக்கு எடை குறைந்தால் முத்தல் என்று மெஷின் முடிவு கட்டியிருக்கிறது. இன்று கொழுந்தும் அதே பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறது. "சார், இது எலையப் படிக்கல. பஸ்ஸத்தான் படிச்சிருக்கு."

பிரின்சிபால் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். "ஏதோ ஒண்ணைப் படிச்சிருக்கோன்னோ? நம்ம பசங்களுக்கு இது எவ்வளவோ தேவலை. அடுத்த வருஷமும் நடத்தும்."

மெஷின் எதைப் படித்தது என்பதையாவது கண்டுபிடித்துவிட்டோம். என் பிள்ளைகள் எதைப் படித்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.