தம்பிக்கு நான் வாயாக இருந்தபோது

என் தம்பிக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வசம்பை உரசி நாக்கில் தடவியாயிற்று; கோயிலுக்கு மணி கட்டுவதாக நேர்ந்தும் ஆயிற்று. அம்மா விடியுமுன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவாள். அவனைப் பார்த்துக்கொள்ள என்னை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. உட்கார்ந்து படிப்பதைவிடத் தெருத்தெருவாகத் திரிவது பிடித்திருந்தது. இடுப்பில் தம்பி இருந்தான், அவ்வளவுதான்.

அவன் பேசாதது எனக்குக் குறையாகவே படவில்லை. பானையைப் பார்த்தால் தண்ணீர் கொடுப்பேன். கையை நீட்டினால் கன்றுக்குட்டியிடம் கொண்டுபோவேன். மாலையில் ஜீப் சத்தம் கேட்டால் என் பாவாடையை இழுப்பான். "அம்மா வந்திருச்சு!" என்று அவனுக்கும் சேர்த்து நான் கத்துவேன்.

அந்த வருடம் சித்தி உத்தமபாளையத்தில் பால்வாடிப் பயிற்சி முடித்து வந்தாள். வீடு வீடாகப் போய், பிள்ளைகளோடு எப்படிப் பேசிப் பழகுவதென்று தாய்மாருக்குக் காட்டுவதும் அவள் வேலை. ஊர் சிரித்தது.

"பச்சப்புள்ளைக்குப் பேசக் கத்துக்குடுக்க கவர்மெண்டு சம்பளமா? எங்க வீட்டு மனுசனுக்கு வாய மூடக் கத்துக்குடு தாயி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அதுக்கு இன்னும் பயிற்சி போடலயாம்க்கா" என்றாள் சித்தி.

எங்கள் வீட்டில் அவள் எதுவும் போதிக்கவில்லை. ஒருநாள் முழுக்க என் பின்னாலேயே நடந்தாள். சாயங்காலம் நோட்டில் ஏதோ எழுதினாள். எட்டிப் பார்த்தேன்; என் பெயர் மட்டும் படிக்கத் தெரிந்தது.

"யக்கா, இவனுக்குக் காது நல்லாக் கேக்குது, சொன்னதும் புரியுது. வாயத் தொறக்காமலே எல்லாம் கெடச்சா எதுக்குப் பேசுவான்?" என்றாள் அம்மாவிடம்.

"மூணு மாசம் படிச்சிட்டு வந்து எனக்கே சொல்றியாக்கும்? அவன் ஊமைடி." அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்தி என் பக்கம் வந்தாள். "ஆத்தா, அவன் கைய நீட்டுனா ஒடனே எடுத்துக் குடுக்காத. தண்ணி வேணுமானு கேளு. அவன் மொகத்தப் பாத்து மனசுக்குள்ள பத்து எண்ணு. பெறகு குடு. பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக."

நாலு எண்ணுவதற்குள் அவன் உதடு பிதுங்கும். கொடுத்துவிடுவேன். மூன்றாம் நாள் சித்தியிடம் அகப்பட்டேன். அவள் திட்டவில்லை. மறுநாள் காலை என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தம்பியைத் தன் பால்வாடிக்குத் தூக்கிப்போனாள். இருபது பிள்ளைகளுக்கு நடுவே அவனுக்காக ஒவ்வொரு தடவையும் பத்து எண்ணினாள். ஒரு மாதம், இரண்டு மாதம். 'பேசினானா' என்று அம்மா கேட்பதையே விட்டுவிட்டாள். சித்தி எண்ணுவதை விடவில்லை.

ஒரு மாலை மூவரும் சாலையோரம் நின்றிருந்தோம். வளைவில் ஜீப் சத்தம். தம்பி பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். சித்தி சட்டென்று கையால் பொத்திவிட்டாள். ஜீப் நின்றது. பெண்கள் இறங்கினார்கள். தம்பி என்னைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான்.

"அம்மா வந்திருச்சு!"

அச்சு அசலாக என் ராகம். அம்மா தூக்குவாளியோடு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. "ஏலே, மண்ணத் திங்காத, தோல உரிச்சிருவேன்" என்று கோழியை மிரட்டினான். எல்லாம் நான் அவனைத் திட்டியவை. தெருவே சிரித்தது.

பிறகு நானும் படிப்பை விட்டு அதே ஜீப்பில் ஏறினேன். எத்தனையோ ஊர்களில் பிழைத்தேன். பல வருடம் கழித்துச் சித்தியின் தகரப்பெட்டியில் அந்த நோட்டைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே எழுதியிருந்தாள்: 'நாளெல்லாம் ஓயாமல் தம்பியிடம் பேசுகிறாள். பையனுக்குள் நிறையச் சொல் சேர்ந்திருக்கும். பயமில்லை.'

அன்றைக்கு அதை என்மேல் எழுதிய புகார் என்று நினைத்து, ஒரு வாரம் சித்தியோடு பேசாமல் இருந்தேன்.