மூன்றாவது ஓலை

பாதிரியார் கல்யாண ஓலையைக் கையில் எடுத்தால் போதும், ஜேபஸ் ஸ்கட்மோர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு கோயிலைவிட்டு வெளியே போய்விடுவார். யார் வீட்டு ஓலையானாலும் சரி. வாசித்து முடியும் வரை கல்லறைகளுக்கு நடுவே நின்று புகைப்பார். "என்ன ஜேபஸ், ஓலைன்னா உனக்கு மட்டும் வயித்தக் கலக்குதா?" என்று மதுக்கடையில் சீண்டுவார்கள். "உள்ள ஒரே புழுக்கம்ப்பா" என்பார். பனி கொட்டும் ஜனவரியிலும் அதே பதில்தான்.

செம்மறிகளுக்கு ரோமம் கத்தரிப்பது அவர் தொழில். கத்தரி தோலைக் கீறிவிட்டால், "மன்னிச்சுக்கம்மா, கை தவறிடுச்சு" என்று ஆட்டிடம் சொல்லிவிட்டுத்தான் மருந்து தடவுவார். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருத்தியிடம் மட்டும் அந்த வாய் திறந்ததில்லை.

அவள் டார்கஸ், ஒரு காலத்தில் அவருக்கு நிச்சயமானவள். ஹாப்வெல் ஊரில் கல்யாணத்துக்கு முன் மணமக்கள் பேரை அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தன் ஓலையைத் தானே கேட்டால் ஆகாது என்று மணப்பெண் அன்று வீட்டிலேயே இருந்துவிடுவாள். டார்கஸும் இருந்தாள். இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாவதற்கு முந்தின நாள் ஜேபஸ் பாதிரியாரிடம் போய் நிறுத்தச் சொல்லிவிட்டார். கறிக்கடைக்காரர் மகள் ஃப்ளோராமேல் மனம் போயிருந்தது. பாதிரியார் டார்கஸிடம் சொல்லிவிடுவார் என்று இவர் நினைத்தார்; இவரே சொல்லியிருப்பார் என்று பாதிரியார் நினைத்தார். மறுநாள் கோயில் விட்டு வந்தவர்களை மாவுக் கையோடு வாசலில் நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக அவள் கேட்டாள்: "எங்க பேரை நல்லாப் படிச்சாங்களா?" ஊரே தலையைக் குனிந்துகொண்டு நடந்தது.

டார்கஸ் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. ஜேபஸைக் கட்டிய ஃப்ளோரா, நெல் என்ற ஒரு மகளைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். மனம் மாறியதைக்கூட ஜேபஸ் ஒருவாறு தனக்குள் சமாளித்துக்கொள்வார். அந்த வாசலில் டார்கஸை அப்படி நிற்க வைத்ததைத்தான் இன்றுவரை அவரால் தாங்க முடியவில்லை.

போன ஞாயிறு மகள் நெல்லுக்கு மூன்றாவது ஓலை. முதல் இரண்டுக்கும் வழக்கம்போல் வெளியே போய்விட்டார். "இன்னிக்காவது உள்ள உக்காந்து கேட்டுட்டு வந்து சொல்லுப்பா" என்று மகள் கெஞ்சியிருந்தாள். உட்கார்ந்தார். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் கேட்டபோது, முன்வரிசையில் இருந்த டார்கஸின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகு அசையவில்லை.

கோயில் விட்டதும் டார்கஸின் பின்னாலேயே போய், அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"டார்கஸ், அன்னிக்கு நானே வந்து சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சிடு."

"சொல்லியிருக்கணும்தான்." மன்னித்தேன் என்ற சொல் வரவில்லை. கதவுக் கொண்டியில் வைத்த கையை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பினாள். "இங்க என்ன நின்னுக்கிட்டிருக்க? உன் பொண்ணு வாசல்ல காத்துக்கிட்டிருப்பா. போய்ச் சொல்லு, போ."

ஓடும் ஆட்டைக்கூடத் துரத்தாத ஜேபஸ், வீங்கிய முழங்காலை இழுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் வீட்டுக்கு ஓடினார்.