மவுசருக்குப் பொருத்தம் பார்த்தவர்

முதலில் எலுமிச்சைத் தோலால் இரண்டு கைகளையும் தேய்ப்பார். பிறகு சவர்க்காரம். பிறகு, ஒரு பக்கக் கால் உடைந்து நூலால் காதில் கொளுவிய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தவராஜா அண்ணை சும்மா இருப்பார். எதிரே சாதகத்தோடு வந்தவன் நெளிவான். “பொறு தம்பி. சத்தம் வரட்டும்” என்பார்.

பல்லி சொல்லாமல் அவர் சாதகம் திறப்பதில்லை. சுவிஸில் சுவருக்குச் சுவர் பல்லியைத் தேடிக் களைத்தபின், ஓல்டன் ஸ்டேசனில் கூவும் ரயிலைப் பல்லியின் வேலைக்கு நியமித்துவிட்டார். எல்லாத் திசையிலிருந்தும் ரயில் வந்து சேரும் ஊர். சகுனத்துக்குப் பஞ்சமில்லை.

மற்ற நாட்களில் அவர் வால்டர் என்ற கிழவரின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவர். ஞாயிறு மத்தியானம் கடைசிச் சட்டியும் கழுவி முடிந்ததும், அதே தகர மேசை பொருத்தம் பார்க்கும் மேசையாகிவிடும். ஊரிலிருந்து தபாலில் வந்த பெண்களின் சாதகங்களோடு நாலு பக்கத்திலிருந்தும் பெடியள் வருவார்கள். பொருந்தினால் சட்டைப் பையிலிருந்து மஞ்சள்தூள் மடித்த காகிதச் சரையை எடுத்து, ஈர விரலால் தாளின் மூலையில் ஒரு பொட்டு. பொருந்தாவிட்டால் “நிக்ஸ் குட்”, அதாவது சரிவராது. அவருடைய ஜெர்மன் முழுவதும் சமையலறையில் பொறுக்கியது. அந்த இரண்டு சொல்லால் அவர் குழப்பிய கலியாணங்களை மட்டும் நடத்தி வைத்திருந்தால், ஆல்ப்ஸ் மலையடியில் இன்னொரு யாழ்ப்பாணம் எழும்பியிருக்கும்.

“அண்ணை, பெட்டையின்ரை படத்தையாவது ஒருக்காப் பாருங்கோவன்” என்று பூம்ப்ளிஸிலிருந்து வந்த இரவீந்திரன் அழாக்குறையாகக் கெஞ்சியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

“படம் பாக்கிறது உன்ரை வேலை. கட்டம் பாக்கிறது என்ரை வேலை.”

“எல்லாம் சரிவருதெண்டுதானே சொன்னனீங்கள்? நட்சத்திரம் ஒண்டுதானே இடிக்குது?”

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். “மற்றதெல்லாம் நேராய் வந்து ஒண்டு மட்டும் கோணினால், அது தோசமில்லை, மாறாட்டம். பெட்டைக்குத் தங்கச்சி இருக்கோ?”

இருந்தாள். ஊரில் போட்டோக்கொப்பி அடித்தபோது அக்காவின் தாளொன்றும் தங்கையின் தாளொன்றும் இடம் மாறியிருந்தன. இரவீந்திரனுக்கு இப்போது கலியாணம் முடிந்து, முன்பு அழாக்குறையாக இருந்தவன் இப்போது உண்மையாகவே அழுகிறான். அது வேறு கதை.

வால்டருக்கு இந்தப் புகழெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தமிழன் சண்டை நடக்கும் நாட்டிலிருந்து வந்தவன், ஆகவே துப்பாக்கி அறிந்தவன் என்பதுதான். ஒரு ஞாயிறு, தன்னுடைய பழைய ஜெர்மன் மவுசர் துப்பாக்கியைத் தூக்கிவந்து அந்த மேசையில் கிடத்தினார். ஜெர்மன் தெரிந்தவள் என்று நானே பரப்பிவிட்ட வதந்தியால் மொழிபெயர்ப்புக்கு, ஊரில் ரீச்சராக இருந்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அண்ணை சுவரோடு ஒட்டிக்கொண்டார். “ரீச்சர், செஃப்புக்குச் சொல்லுங்கோ. நான் துவக்கை முன்பக்கத்தாலை மட்டுந்தான் பாத்திருக்கிறன்.”

“இவர் துப்பாக்கியை மிக அருகில் அறிந்தவர்” என்று மொழிபெயர்த்தேன்.

விஷயம் இதுதான். உலக யுத்தம் முடிந்த கிழமை, எல்லை தாண்டி ஓடிவந்த ஜெர்மன் சிப்பாய்கள் போட்டுவிட்டுப்போன துவக்குகளில் இரண்டை, எல்லைக் காவலில் நின்ற வால்டரும் அவர் மச்சான் ஹான்ஸும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எப்படி என்று கேட்டால் இருவரும் கூரை முகட்டைப் பார்ப்பார்கள். சில வருடங்களுக்கு முன் பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் வந்து, வால்டருடைய துவக்கின் போல்ட், அதாவது குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் கைபிடித் தண்டு, வேறொரு துவக்கினுடையது என்று சொல்லிவிட்டார். ஹான்ஸ் களவெடுத்துவிட்டான் என்று வால்டர் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கத்த, ஹான்ஸ் கரண்டியைப் போட்டுவிட்டு எழும்பியவர்தான். வால்டரின் மனைவி ரோஸ்மாரி ஹான்ஸுக்குக் கூடப்பிறந்தவள். அன்றிலிருந்து தம்பிக்கென்று ஒரு கோப்பையைத் துடைத்துத் துடைத்து அலுமாரியில் வைக்கிறாள். அடுத்த கிழமை இன்னொருவர் பார்க்க வருகிறார். அவரும் அப்படியே சொன்னால் பொலிசுக்குப் போவேன் என்று வால்டர் சபதம். அதற்கு முன்பு நம்மவரிடம் ஒருமுறை காட்டும்படி கெஞ்சியவள் ரோஸ்மாரி.

“மினுக்கம் முக்கியமில்லை” என்றார் வால்டர். “ஒவ்வொரு உறுப்பிலும் ஒரே எண் அடித்திருக்க வேண்டும். மரம் பழைய நிறத்திலேயே இருக்க வேண்டும். ஈரக்கை பட்டாலே மதிப்புப் போச்சு.”

நான் சொல்லி முடிக்கவில்லை, அண்ணை சுவரைவிட்டுக் கழன்றார். “அட, இது பொருத்தமெல்லே!”

உள்ளே குண்டில்லை என்று வால்டரைக் கொண்டு திறந்து காட்டச் செய்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். பிறகு ரோஸ்மாரியை. பெண்கள் இருவரும் உயிரோடு நிற்பதை உறுதிசெய்துகொண்டு எலுமிச்சைத் தோலை எடுத்தார். ரயில் கூவியது. தேத்தண்ணிக் கரண்டியின் காம்பால் தொட்டுத் தொட்டுப் போனார். உடலில் 7341. அடித்தட்டில் அதன் கடைசி இரண்டு இலக்கம், 41. மரத்தைப் பிடிக்கும் வளையங்களில் 41, 41. இடையிடையே பொறித்திருந்த கழுகு முத்திரையைக் கண்டு, “இந்தப் பறவையின்ரை முழி சரியில்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியாகப் போல்ட். 2086.

“நிக்ஸ் குட்.”

வால்டர் மேசையில் அறைந்தார். கழுவி அடுக்கிய கோப்பைகள் துள்ளின. ரோஸ்மாரி ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணை அசையவில்லை. “ஒண்டு மட்டுந்தான் கோணல். ரீச்சர், கேளுங்கோ. களவெடுக்கிறவன் தன்ரை துவக்கையும் கெடுத்துக்கொண்டு களவெடுப்பானோ? இவரின்ரை மச்சானின்ரை துவக்கிலை என்ன நம்பர் கிடக்கெண்டு ஆராவது பாத்தவையோ?”

இந்தப் பக்கத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. ரோஸ்மாரி நேரே போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். பக்கத்து ஊர் திரிம்பாக்கிலிருந்த ஹான்ஸ் அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வரும்வரை அவள் மூச்சு விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அங்கே உடல் 2086, போல்ட் 7341. தன்னுடையதை வால்டர்தான் மாற்றிவிட்டார் என்று ஹான்ஸும் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். யுத்தம் முடிந்த சந்தோசத்தில் இருவரும் போல்ட்டுகளை ஒரே வாளி எண்ணெயில் கழுவி, ஆளுக்கொன்றைத் தூக்கிச் செருகியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அத்தோடு முடிந்ததா? “அவன் கொண்டுவரட்டும்” என்றார் வால்டர். “அவர் வந்து கேட்கட்டும்” என்றார் ஹான்ஸ்.

“மாப்பிள்ளை பகுதி, பொம்பிளை பகுதி எண்டால் இப்பிடித்தான்” என்று அண்ணை தலையைச் சொறிந்தார். “இதுக்குப் பொது இடந்தான் சரி. தற்செயலாச் சந்திக்கிற மாதிரி.”

சனிக்கிழமை ஓல்டன் ஸ்டேசன். நல்ல மழை. ஒரு முனையால் வால்டர் தோளில் மவுசரோடு வந்தார், மறுமுனையால் ஹான்ஸ் மவுசரோடு வந்தார். விடுமுறையில் வீடு போகும் இளம் சிப்பாய்கள் துவக்கோடு பாண் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணை மட்டும் அகதி அட்டையைக் கையில் பிடித்தபடி, டிக்கெட் பரிசோதகரைக் கண்டும் இரண்டு கையையும் உயர்த்தினார். “என்ன ரீச்சர், இந்த நாட்டிலை ஆரும் ஓடமாட்டினமோ?”

வால்டர் நீண்ட வாங்குப் பலகையின் ஒரு நுனியில் அமர்ந்தார். ஹான்ஸ் உட்காரவே இல்லை. போல்ட்டுகள் கைமாறின. 7341 தன் வீட்டுக்குள் வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டியது. 2086ம் அப்படியே. ரோஸ்மாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஹான்ஸ் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

அந்த நேரம் பார்த்து ரயில் கூவியது.

பழக்கதோசம், வேறென்ன? அண்ணை மஞ்சள் சரையை எடுத்தார், விரலை நனைத்தார், வால்டருடைய துவக்குப்பிடியில், அந்தப் பழைய நிறம் மாறாத மரத்தில், ஒரு பொட்டை வைத்தே விட்டார். ஹான்ஸ் நின்றுவிட்டார். நான் கண்ணை மூடினேன், பாதிதான். வால்டர் மஞ்சளைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், மெதுவாகக் கைக்குட்டையை உருவினார். உருவி, பக்கத்தில் நனைந்து கிடந்த வாங்குப் பலகையில் அதை விரித்து, தான் சற்று நகர்ந்து இருந்தார்.

ஹான்ஸ் வந்து அதன்மேல் அமர்ந்து, தன் துவக்கை மடியில் கிடத்தினார். தவராஜா அண்ணை குழல் பார்க்கும் பக்கத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டமடித்து வந்து, முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டு, அந்தத் துவக்குப்பிடியை நோக்கி மஞ்சள் விரலை நீட்டினார்.