மெஷின் ஓடியது, தண்ணீர் இறைத்தது நான்

ஆளுக்கொரு ஊரில் இருக்கும் நண்பர்கள் எல்லாருக்கும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

என் மச்சான் பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழைய துணி துவைக்கும் மெஷின், பெல்ட் அறுந்து மூன்று வாரமாக முற்றத்தில் சும்மா நின்றது. கறம்பக்குடி ரைஸ்மில்லில் ஒரு துண்டு பெல்ட் கேட்டு வாங்கி, தைத்து, இன்று காலை மாட்டினேன். ஓடிவிட்டது.

மேல்மூடியைத் திறந்துவைத்து, வெள்ளைக் கைலிகள் நுரைக்குள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், கீழே கிடந்த துணிகளையும் என்ன ஏதென்று பார்க்காமல் அள்ளிப் போட்டேன்.

என் மனைவி வந்தாள்.

"இங்கிட்டு கெடந்த புள்ள மூத்திரத் துணி எங்கங்க?"

நான் தொட்டியைப் பார்த்தேன்.

"அதையும் இதுலயா போட்டீங்க? நாளைக்கு ஜும்ஆத் தொழுகைக்கு எதை உடுத்துவீங்க?"

"மெஷின் சுத்தமாத் தொவைச்சிரும்."

"அழுக்குத்தான் போவும். மூத்திரத் தண்ணியில எல்லாந்தான் ஊறிப்போச்சு. மூணு தடவ தண்ணி ஊத்தி அலசினாத்தான் தொழ ஆவும்."

அத்தனை துணியையும் கிணற்றோரத்துத் துவைக்கும் கல்லடிக்கு எடுத்துப்போய் ஒவ்வொன்றாக அலசினாள். கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்றியவன் நான். உள்ளங்கை இன்னும் எரிகிறது.

"அப்ப இந்த மெஷின என்ன செய்யிறது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும். பாக்க நல்லா இருக்குன்னு பக்கத்து வீட்டுலயும் நாளைக்குத் துணி கொண்டு வாராங்களாம். நீங்க வாளிக் கயித்த மட்டும் புதுசா மாத்திருங்க."

உங்களில் யாரிடமாவது நல்ல கயிறு இருந்தால் அனுப்பிவையுங்கள்.