அக்காவின் தூக்கம்

அந்த முகமூடியை அக்கா முதன்முதலாக மாட்டிக்கொண்டது ஒரு பிற்பகலில், மாத்தளையில் என் வீட்டு முன்னறையில். ஜன்னலோரக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கிளினிக்கில் தாதி காட்டிக்கொடுத்தபடியே நான் வார்களைத் தலைக்குப் பின்னால் இழுத்து ஒட்டினேன். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மெல்லிய ரப்பர் மூடி. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கி, மேசைமேல் இருந்த சிறிய பெட்டிக்குள் போனது. பொத்தானை அழுத்தினேன். பெட்டி மெதுவாக இரைந்தது. அக்காவின் கண்கள் பெரிதாயின. கதிரையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாலைந்து மூச்சுகூட இருந்திருக்காது, முகமூடியைப் பிய்த்து மடியில் போட்டுவிட்டு, நீருக்குள்ளிருந்து எழுந்தவளைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

“உள்ள வருது தங்கச்சி. வெளிய விட முடியல. ஓடுற லொறியில தலைய வெளிய நீட்டுன மாதிரி அடிக்குது” என்றாள்.

தூக்கத்தில் அவளுடைய தொண்டை தளர்ந்து மூடிக்கொள்கிறது, அது மூடாமல் இருக்கத்தான் இந்தக் காற்று என்று டொக்டர் சொல்லியிருந்தார். கேட்டபோது எளிதாக இருந்தது. மூச்சு நின்றுபோகிற ஒருத்திக்கு மூச்சைக் கொடுக்கிற பெட்டி. ஆனால் அந்தக் காற்று கேட்டுக்கொண்டு வருவதில்லை. நாம் மூச்சை வெளியே விடும்போதும் அது உள்ளேதான் தள்ளும். அதை எதிர்த்துத்தான் வெளியே விடவேண்டும். அக்கா ஓய்ந்துபோயிருந்த காலத்தில் அந்தப் புதிய சண்டை அவளுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அதனாலோ என்னவோ, எல்கடுவைக்கு ஏறும் பாதையில் இருந்த எங்கள் தோட்டத்தின் பிள்ளை மடுவத்தில் அவளுக்கு வேலை கிடைத்தபோது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. மலைக்குப் போகும் தாய்மார் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. இப்போது அதற்கு வேறு நல்ல பெயர் வைத்துப் பலகை எழுதியிருக்கிறார்கள். லயத்துச் சனங்களுக்கு அது இன்னும் பிள்ளை மடுவம்தான். அக்கா குட்டையாக, பருத்து, கழுத்தே தெரியாமல் இருப்பாள். அவள் மடியில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படுத்துக்கொள்ளும். எந்தப் பிள்ளை எப்படித் தட்டினால் தூங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்றுக்கு முதுகு, ஒன்றுக்குத் தொடை, ஒன்றுக்குக் காதுமடலைத் தடவவேண்டும். அவளுடைய இரண்டு மகன்மாரும் வளர்ந்து கொழும்பில் கடைகளுக்கு வேலைக்குப் போன பிறகு, அவளுடைய பகல் முழுவதும் அந்தப் பிள்ளைகளாகவே ஆகிவிட்டது.

அக்கா தூங்கினால் லயத்துக்கே தெரியும். லயத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கிற அறைகள்தான் வீடுகள்; காம்பராவுக்குக் காம்பரா இருக்கிற சுவர் கூரைவரை போவதில்லை. அவள் குறட்டை அடுத்தடுத்த காம்பராக்களுக்கெல்லாம் போகும். காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், “நேத்து ஒங்க வீட்டுல மில்லு ஓடுச்சே, என்னாத்த அரைச்சீங்க?” என்று கேட்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் உறவுக்காரர் கல்யாண வீடுகளில் இரவு தங்குவதை அவள் எப்போதோ நிறுத்தியிருந்தாள். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்தாலும் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவாள். “ஆட்டுக்குப் புல்லுப் போடணும்” என்பாள். ஆடு விற்று வெகுகாலமான பிறகும் அதையே சொன்னாள். ஆண்பிள்ளை குறட்டை விட்டால் அசதி என்பார்கள். பொம்பிளை விட்டால் சிரிப்பு.

அத்தானுக்கு மட்டும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை தூக்குகிறவர். வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். “லொறிச் சத்தத்துல தூங்குறவன் நானு. இவ சத்தமெல்லாம் எனக்குத் தாலாட்டு” என்பார். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டோம். நடுவில் சத்தம் நின்றால், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தோம். அந்த அமைதியில்தான் அவளுக்கு மூச்சு நின்றிருந்தது என்பதை வெகுகாலம் கழித்து டொக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

பகலில் அவள் தூங்கிவிழ ஆரம்பித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் பாதியில் நின்றுவிடும். பஸ்ஸில் ஏறினால் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிடும். வஹகோட்டை அந்தோனியார் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, முழங்காலில் இருந்தபடியே முன்னாலிருந்தவரின் முதுகில் சாய்ந்துவிட்டாள். மடுவத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பயந்து நின்றபடியே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள். வெற்றிலையைக் காரமாகப் போட்டுக்கொண்டாள். மணிக்கொரு தடவை பைப்படிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் ஒரு பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கும்போது அவளும் தூங்கிப்போனாள். நடக்கத் தொடங்கியிருந்த இன்னொரு பெண் குழந்தை திறந்திருந்த கதவு வழியாக வெளியே போய்விட்டது. மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கானின் ஓரத்தில் அது உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்ததை, கொழுந்து நிறுக்க வந்த ஒருத்தி கண்டு தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. அக்காவை அவள்தான் தோளைப் பிடித்து உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

பிள்ளையின் தாய் ஏசவில்லை. “அக்கா, ஒங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னாளாம். அதைச் சொல்லிச் சொல்லியே அக்கா என்னிடம் அழுதாள். சுகப்படுத்திக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி, தோட்டத்துத் துரை அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்.

அப்படித்தான் அவளைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஓர் இரவு தூங்கவைத்துப் பார்த்தார்கள். தானமாகக் கிடைத்த இயந்திரங்களில் ஒன்றை எங்களுக்குக் கொடுத்தார்கள். பழகிவிட்டால் வேலைக்குத் திரும்பலாம் என்று டொக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா என் வீட்டில் வந்து தங்கினாள். இத்தனை வருடத்தில் அவள் என் வீட்டில் இரவு தங்கியது அப்போதுதான்.

பழக்குவதற்கு நாங்கள் என்னவெல்லாமோ செய்தோம். கிளினிக் தாதி ஒரு சிங்களப் பெண், பொறுமையான மனுசி. “ஹெமின், அம்மே, ஹெமின்” என்று, மெல்ல மெல்லப் பழகச் சொல்வாள். அவள் சொன்னபடி முதலில் குழாயை மாட்டாமல் வெறும் முகமூடியை மட்டும் போட்டுக்கொண்டு அக்கா டிவியில் நாடகம் பார்த்தாள். பிறகு காற்றோடு கொஞ்ச நேரம். காற்று எடுத்தவுடன் பலமாக வராமல், குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்படி ஒரு பொத்தான் இருந்தது. அது கூடுவதற்குள் தூங்கிவிட்டால் பிழைத்தாள். தூங்காவிட்டால் காற்று முழுப் பலத்தோடு வந்து அவளை எழுப்பிவிடும். மூக்கு காய்ந்து இரத்தம் கசிந்தது. கொதித்தாறின தண்ணீரைப் பெட்டியின் தொட்டியில் ஊற்றி ஈரக்காற்றாக்கினோம். முகமூடியின் ஓரத்தால் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. வாரை இறுக்கினால் கன்னத்தில் தழும்பு விழுந்தது. மூக்கை மட்டும் மூடுகிற சின்ன முகமூடியை மாற்றித் தந்தார்கள். வாயைத் திறந்தால் காற்றெல்லாம் வாய்வழியாகப் பீறிட்டு வெளியே போய்விடும். எதையாவது பேசாமல் ஐந்து நிமிஷம் இருக்கத் தெரியாத அக்கா, வாயை மூடிக்கொண்டு கண்ணால் என்னிடம் தண்ணீர் கேட்டாள்.

எல்லாவற்றையும்விட வயிறுதான் அவளைப் படுத்தியது. காற்றை விழுங்கிவிடுவாள். விடிந்தால் வயிறு கல்லுப்போல உப்பியிருக்கும். நான் அவளைக் கட்டிலோரத்தில் உட்காரவைத்து முதுகைத் தட்டுவேன். ஏப்பம் வரும்வரை தட்டுவேன். ஒரு நாள் அவள் தலையைக் குனிந்தபடியே சிரித்தாள். “பால் குடிச்ச புள்ளைக்குத் தட்டுற மாதிரி தட்டுற. இன்னும் கொஞ்சம் மேல தட்டு. அங்கதான் நிக்கும்” என்றாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. “எத்தன புள்ளைக்குத் தட்டியிருப்பேன்” என்றாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

காற்றைத் தாங்கமுடியவில்லை என்று கிளினிக்கில் சொன்னோம். குறைத்துத் தந்தார்கள். சில நாள் சுகமாக இருந்தது. ஆனால் அடுத்த தடவை பெட்டியில் பதிந்திருந்ததைப் பார்த்துவிட்டு டொக்டர் உதட்டைப் பிதுக்கினார். தாங்கக்கூடிய காற்றில் மூச்சு மறுபடி நின்றது. மூச்சு நிற்காத காற்றை அவளால் தாங்கமுடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளுக்கென்று ஓர் அளவு இருக்கும், தேடிப் பிடிப்போம் என்றார் அவர். தேடினோம். கொஞ்சம் கூட்டினார்கள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள், மறுபடி கொஞ்சம் கூட்டினார்கள்.

ஒரு காலையில் நான் எழுந்து வந்தபோது குசினியில் ரொட்டி வாசம் வந்தது. அக்கா குளித்து, தலை சீவி, ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வாரின் தடம் இருந்தது. ஆனால் அந்த முகத்தை நான் எத்தனையோ வருடங்களாகப் பார்த்திருக்கவில்லை.

“விடிஞ்சதே தெரியல தங்கச்சி. படுத்தேன், கண்ண முழிச்சேன், வெளிச்சமா இருந்துச்சு. தூக்கம்னா இதுதானா?” என்றாள்.

அன்று முழுவதும் அவள் தூங்கிவிழவில்லை. பேசிய பேச்சையெல்லாம் முடித்தாள். அடுத்த நாளும் அப்படியே. அந்த வாரக் கடைசியில், பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வேலைக்கு எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். நானும் கூடப் போனேன். மாத்தளையில் பிஸ்கட்டும் சின்னப் பந்துகளும் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். “இந்தப் பாலத்துக்குக் கைப்பிடி எப்ப கட்டுனாங்க?” என்று கேட்டாள். அது பல வருடமாக இருக்கிறது. அவள்தான் அந்தப் பாலத்தைத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறாள்.

மடுவத்தில் ஓர் இளம் பெண் இருந்தாள். பயிற்சி எடுத்து வந்தவள், நல்ல பிள்ளை. எழுந்து அக்காவுக்குக் கதிரை போட்டாள். பெரிய பிள்ளைகள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டன. சின்னதுகளுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவை அந்தப் பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தன. அக்கா, தான் எப்போது திரும்ப வரலாம் என்று கேட்டாள். அந்தப் பெண் சங்கடத்தோடு என்னைப் பார்த்தாள்.

“என்னைய நிரந்தரமாப் போட்டுட்டாங்க அக்கா. ஒங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

யாரும் சொல்லியிருக்கவில்லை. அக்கா பிஸ்கட்டைப் பிரித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். ஒளிந்திருந்தவற்றுக்கும் குனிந்து குனிந்து கொடுத்தாள். “சரிம்மா, நல்லாப் பாத்துக்க. கதவ மட்டும் சாத்தி வை” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பிறகு சளி பிடித்தது. அடைத்த மூக்குக்குள் அந்தக் காற்று காதுவரை போய் வலித்தது என்றாள். சளி சுகமாகும்வரை வேண்டாம் என்று கழற்றி வைத்தவள், சுகமான பிறகும் மாட்டவில்லை. நான் கெஞ்சினேன். ஏசினேன். கண்டியிலிருந்து தாதியைத் தொலைபேசியில் பேசவைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரு நாள் சொன்னாள்:

“அந்தப் புள்ளைகளுக்காகத்தான் தங்கச்சி அத்தனையும் தாங்குனேன். இனி நான் பகல்ல முழிச்சிருந்து யாரப் பாக்கப்போறேன்?”

“அத்தான் இல்லையா? நான் இல்லையா?”

“நீங்கெல்லாம் பெரியவங்க, தானாத் தூங்கித் தானா முழிச்சுக்குவீங்க” என்றாள். அதில் கோபமில்லை. அவள் தோட்டத்துக்குத் திரும்பிப் போனாள். பெட்டியையும் கொடுத்தனுப்பினேன். அத்தான் வீட்டில் இருக்கும் நாட்களில் அவர் பிடிவாதம் பிடித்தால் கொஞ்ச நேரம் மாட்டிக்கொள்வாளாம். அவர் தூங்கியதும் கழற்றிவிடுவாள். நான் போகும்போதெல்லாம் அவள் வாசல் இஸ்தோப்பில் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மார்பு ஏறும், இறங்கும். பிறகு அசையாது. எழுப்பலாமா என்று கையை நீட்டும்போது ஒரு பெரிய இழுப்போடு மூச்சு திரும்ப வரும்.

அத்தான் தம்புள்ளையில் இருந்த ஒரு நாளில் அது திரும்ப வரவில்லை.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். “தூக்கத்துலயே போயிட்டாளே, குடுத்து வச்சவ. ஒரு நோவு இல்ல, நொடி இல்ல.” என் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மாறி ஒருவர் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். தூக்கம்தான் அவளுக்கு நோவு என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாழ்நாளில் பாதியை மூச்சுக்குப் போராடிக் கழித்தவளின் முகத்தைப் பார்த்து, என்ன அமைதி என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அத்தான் மட்டும் கட்டிலின் அவள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதும் வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம். தம்புள்ளைக்கே திரும்பிப் போய்விடுகிறார்.

பெட்டியைப் போன மாதம் கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தேன். அதே தாதிதான் இருந்தாள். என் கையை ஒரு கணம் பிடித்துவிட்டு, சுத்தம் செய்து வேறு யாருக்காவது கொடுப்போம் என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். காத்திருக்கும் வாங்கில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் வயது இருக்கும், ரத்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். அவளுக்கும் அந்த இயந்திரம் எழுதியிருந்தார்கள்.

“பழகிருமாம்மா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முதலில் பகலில் உட்கார்ந்தபடி போட்டுப் பாருங்கள், காற்று மெல்லத் தொடங்குகிற பொத்தானைக் கேட்டுக் காட்டித்தரச் சொல்லுங்கள், கொதித்தாறின தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள், வயிறு உப்பினால் யாரையாவது முதுகைத் தட்டச் சொல்லுங்கள், தாங்கமுடியாவிட்டால் கழற்றி வைக்காமல் இங்கே வந்து சொல்லுங்கள் என்றேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தலை ஆடியது நின்றது. நான் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள்.