கருகிப்போன மருந்து பில்

காகிதம் என்று எதைக் கண்டாலும் லேமினேஷன் செய்துவிடுவது என் வழக்கம். ரேஷன் கார்டு, எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட், பையனின் தடுப்பூசி அட்டை... எங்கள் வீட்டில் எல்லாமே பளபளவென்று இருக்கும். "என்னையும் ஒரு தபா லேமினேஷன் பண்ணிடுங்க, ரொம்ப நாளு உழைப்பேன்" என்பாள் என் மனைவி கஸ்தூரி. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அவள் வாய் புதிதல்ல.

அந்தக் கஸ்தூரிக்குத்தான் மூன்று மாதத்துக்கு முன் பித்தப்பையில் கல். ஆபரேஷன். அட்வான்ஸ் கட்ட ஒரு கை வளையல் அடகுக் கடைக்குப் போனது. பிறகு காய்ச்சல் இறங்கவில்லை என்று விலை உயர்ந்த ஊசி ஒன்றை எழுதினார்கள். அடுத்த கை வளையலும் கிளம்பிப் போனது.

"ஆபீஸ்ல மெடிக்கல் க்ளெய்ம் போட்டா மொத்தமும் வந்துடும். உன் தம்பி பொண்ணு கல்யாணத்துக்குள்ள ரெண்டையும் மீட்டுத் தரேன்" என்று வீராப்பாக வாக்குக் கொடுத்தேன்.

"தவளக்குப்பத்துல எங்க அம்மா வீட்டுக்கு அத்தைக்காரி நான் ஒருத்திதான். வெறுங்கையோட மணவறையில நிக்க முடியாது, ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் அவள்.

ஞாபகம் வைத்துக்கொண்டதால்தான் வினையே! ஊசி மருந்து பில் இருப்பதிலேயே பெரியது. தொலைந்து கிலைந்து போனால்? நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷனுக்குக் கொடுத்தேன். இப்போது பெரிய மருந்துக் கடைகளில் வழவழ காகிதத்தில் ஒரு பில் தருகிறார்களே — அது சூடு பட்டால் கறுத்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மெஷினுக்குள் வெள்ளையாகப் போன பில், வெளியே கன்னங்கரேலென்று வந்தது. கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "நல்லா ஒட்டிக்கிச்சு சார், இனிமே கிழியவே கிழியாது" என்று பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஜெராக்ஸ் கடையிலேயே நின்றுகொண்டு, முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைப்போம் என்று தோன்றவில்லை பாருங்கள்... இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு வாராவாரம் புத்தி சொல்கிறேன்.

எங்கள் ஆபீசில் க்ளெய்ம் பார்ப்பவர் பலராமன். பில்லை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

"இதுல இன்னா மருந்துன்னு நான் எப்படி சார் படிக்கறது?"

"ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியில இருக்கு பலராமன். எத்தனை ஊசி, என்னைக்குப் போட்டாங்க, எல்லாம் இருக்கு."

"மருந்து உங்க வீட்டம்மா ஒடம்புல ஏறிச்சுன்னு அது சொல்லுது. காசு உங்க கையை விட்டுப் போச்சுன்னு பில்லுதான சார் சொல்லணும்? டூப்ளிகேட் வாங்கிகினு வாங்க."

எங்கள் எதிர்வீட்டில் ஒரு முசியே இருக்கிறார்; பிரெஞ்சு பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மருந்து பில்லைக் கவரில் போட்டு பிரான்சுக்கே அனுப்புகிறார். ஏழு கடல் தாண்டிப் பணம் வந்துவிடுகிறது. என் ஆபீசோ வீட்டிலிருந்து மூன்றே தெரு. இவ்வளவு கிட்டத்தில் இருப்பதுதான் கோளாறோ என்னவோ.

மருந்துக் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பில் நம்பர் கேட்டாள். பில் நம்பர் பில்லில் இருக்கிறது என்றேன். பில்லைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எக்ஸ்ரேவா சார்?"

முதலாளி எழுந்து வந்தார். தங்கமான மனிதர். "பழைய பில்லை மறுபடி எடுக்க நம்ம சாஃப்ட்வேர்ல வழியில்லீங்க சார்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு பில் புத்தகத்தை எடுத்தார். "கையால வேணா எழுதித் தரேன். இன்னா தேதி போடட்டும்?"

"அப்ப அது பொய் பில் ஆகாதா?"

"மருந்து நெஜம், நோவு நெஜம், நீங்க குடுத்த காசு நெஜம். பில்லு மட்டுந்தான சார் கொஞ்சம் முன்ன பின்ன?"

பேட்ச் நம்பர்கூட அவரே யோசித்து எழுதினார். முத்திரை குத்தினார், சுழித்துக் கையெழுத்துப் போட்டார். நிஜமாக வாங்கிய மருந்துக்கு நிஜமான பில் கிடைக்க வழியே இல்லை. பொய் பில் ஐந்து நிமிடத்தில் கைக்கு வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நேர்மையைப் பற்றி இதே பக்கத்தில் எத்தனை வாரம் கிழித்திருக்கிறேன்! ஆனால் கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மற்ற பில்களோடு அதையும் சேர்த்துப் பலராமனிடம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து ஃபைல் திரும்பி வந்தது. நிஜ பில்கள் அத்தனையிலும் சிவப்பு மையில் ஆட்சேபம். ஒன்றில் டாக்டர் குறுக்கே கையெழுத்துப் போடவில்லையாம். ஒன்றில் நோயாளியின் இனிஷியல் இல்லையாம். 'கம்ப்யூட்டர் பில், கையொப்பம் தேவையில்லை' என்று அச்சடித்த பில்லின் அடியில், 'கையொப்பம் எங்கே?' என்று கேட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சரிசெய்து மறுபடி அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு பில் மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் பாஸாகியிருந்தது. எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

"பில்லுன்னா இப்படி இருக்கணும் சார்" என்றார் பலராமன். "சீலு, சைன், பேட்ச் நம்பரு... எல்லாமே இந்த மாதிரி வாங்கியாந்திருந்தா எவ்ளோ சவுரியம்!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. கிடைத்த பணத்தை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடினேன். ஒரு வளையலைத்தான் மீட்க முடிந்தது.

போன வெள்ளிக்கிழமை கல்யாணம். கஸ்தூரி பட்டுப்புடவையில், வலது கையில் வளையலோடும் இடது கையில் ஒன்றும் இல்லாமலும் மணவறையில் நின்றாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். அவள் தம்பி மனைவி, நாலு பேர் காதில் விழும்படியாகவே கேட்டாள்: "இன்னா அண்ணி, ஒரு கையிலதான் போட்டுக்கினு வந்திருக்கீங்க?"

கஸ்தூரி தூணைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இது பொய் பில்லுக்கு வந்தது. மெய் பில்லுக்கு இன்னும் கையெழுத்து ஆவலியாம்."